ரெண்டாவது கரண்டி

அந்த அக்கா யாருக்கும் ஒரே ஒரு கரண்டி ஊற்றி நான் பார்த்ததில்லை. சாம்பாரோ ரசமோ, முதல் கரண்டி இலையில் விழுந்த கையோடு இரண்டாவதும் வந்துவிடும். போதும் என்று இலைக்கு மேலே கையை நீட்டி மறைத்தால், கையின் மேலேயே விழும். சூடு பட்டவர்கள் கத்துவார்கள். அக்கா அசரமாட்டாள்.

"ஒத்தையா ஊத்தக் கூடாதுப்பா. எழவு வூட்லதான் ஒத்தையா ஊத்துவாங்க. நீ இன்னா செத்தா பூட்ட?"

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை அது. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, அதோடு சரி. நான் அப்போது ஓரிடத்தில் தங்கும் ஆள் இல்லை. காணைப் பக்கம் கரும்பு வெட்டுவேன். அது முடிந்தால் குயிலாப்பாளையத்தில் சுவருக்கு வெள்ளையடிப்பேன். அதுவும் இல்லாத நாட்களில் லாரியில் கிளீனர். எந்த வேலைக்குப் போனாலும் எந்த வேலையை விட்டாலும் திண்டிவனத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்பதால், அந்தக் கடை எனக்கு வீட்டு வாசல் மாதிரி ஆகிவிட்டது. முதல் தடவை போனபோது எனக்குக் காய்ச்சல். கஞ்சி போதும் என்றேன். கஞ்சி வந்தது. நான் பாதி குடிப்பதற்குள் மறுபடியும் வந்தது. "காய்ச்சலு ஒரு ஆளு, நீ ஒரு ஆளு. ரெண்டு பேருக்கும் வோணாமா?" என்றாள்.

கடைக்குத் தினமும் வரும் பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு நாள் அவர் மனைவியே நேரில் வந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, எங்க வூட்டுக்காரரு ஒரு கரண்டி சோறுதான் துன்னணும்னு டாக்டரு சொல்லிக்கினு இருக்காரு. நீ இன்னா அவருக்கு வளைகாப்பா பண்ற?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஒரு கரண்டிய அரை அரையா ரெண்டு தடவை போடறேன்" என்றாள். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா சொன்னபடியே அரை அரையாகத்தான் ஆரம்பித்தாள். போகப் போக அந்த இரண்டு அரையும் வளர்ந்து, சேர்த்துப் பார்த்தால் முன்பு போட்டதைவிட அதிகமாக ஆனது. அவள் ஏமாற்றவில்லை. அவள் கை அப்படி. அதற்கு நிறுத்தத் தெரியாது.

இப்படிப்பட்ட கைக்குத்தான் அப்படி ஒரு பிள்ளை பிறந்தது.

மகளுக்குப் பிறவியிலேயே சிறுநீரகம் இரண்டும் சரியாக வளரவில்லை. நான் கடைக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அவளுக்கு ஆறோ ஏழோ இருக்கும். பார்த்தால் நாலு வயசு சொல்லலாம். விழுப்புரத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவார்கள். திரும்பி வந்து கடை பெஞ்சில் சுருண்டு படுத்துக்கொள்வாள். உப்பு கூடாது, பழம் கூடாது. எல்லாவற்றையும்விட, தண்ணீர் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஒரு பாட்டிலில் வைத்திருப்பார்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். வெயில் காலத்தில் அந்தப் பிள்ளை ஈரத் துணியை உதட்டில் வைத்துக்கொண்டு, அம்மா ஊருக்கெல்லாம் இரண்டு கரண்டி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"அம்மா, இன்னும் ஒரு வாய்."

"ஆயிடுச்சிடா கண்ணு."

இதைச் சொல்லும்போது அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். திரும்பி வந்து அடுத்த ஆளுக்கு மூன்றாவது கரண்டி ஊற்றுவாள். அந்த நாட்களில் அந்தக் கடையில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் வயிறு முட்டித்தான் எழுந்தார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

கடைசியில் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மாற்று சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தது அக்காவின் வீட்டுக்காரர். கோலியனூரில் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மனிதர். அதற்குப் பிறகு மூட்டை கூடாது என்றார்கள். அவர் கடைக்கு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அக்காதான் பேசுவாள்.

"எங்க வூட்டுக்காரரு ரெண்டையும் எடுத்துக்கோங்கன்னு தான் சொன்னாரு. ஒத்தையா குடுக்கற பழக்கம் நம்ம வூட்ல இல்லயே. டாக்டருதான் ஒண்ணு போதும்னுட்டாரு."

"நான் எங்கடி அப்டி சொன்னேன்?" என்பார் அவர், வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

மாற்று உறுப்பு வைத்தவர்களுக்கு உடம்பின் எதிர்ப்பை மாத்திரை கொடுத்து அடக்கி வைப்பார்கள். இல்லாவிட்டால் வந்த உறுப்பை உடம்பு விரட்டிவிடும். எதிர்ப்பு அடங்கிக் கிடக்கும்போது, சும்மா தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் ஏதாவது எழுந்துகொள்ளும். அது எழாமல் இருக்க ஒரு மருந்து. பெரியவர்களுக்கு மாத்திரை, இந்தப் பிள்ளைக்கு பாட்டிலில் திரவம். ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும், கையில் படக்கூடாது, சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும். ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சைக் கொடுத்து, அதில் பேனாவால் ஒரு கோடு போட்டு, இதுவரைக்கும் இழுத்துக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் இருந்த மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவும் செய்து காட்டியிருக்கிறாள். அங்கே சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கை வேலையைக் காட்டிவிட்டது. கோடு வரைக்கும் இழுத்துக் கொடுப்பாள். அது டாக்டர் சொன்னது. அப்புறம் சிரிஞ்சின் அடியில் கொஞ்சமாக இன்னொரு இழுப்பு. அது முறை. ஒளித்தும் செய்யவில்லை. நானே பார்த்திருக்கிறேன், அவள் வீட்டுக்காரரும் பார்த்திருக்கிறார். எங்கள் யாருக்கும் அது மருந்து கூடுவதாகத் தோன்றவில்லை. பிள்ளைக்கு ஒத்தையாக ஊற்றாமல் இருக்கிறாள், அவ்வளவுதான்.

பாட்டில் முன்னாடியே தீர்ந்தது. நான் அப்போது சென்னை லாரியில் இருந்தேன் என்பதால் சீட்டையும் ஐஸ் டப்பாவையும் என்னிடம் கொடுத்து அனுப்பினாள். மருந்துப் பிரிவில் அந்த மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுக்குள்ள எப்படி தீர்ந்துச்சு?"

"தெரியலீங்க மேடம். வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

அவர் எனக்கு மருந்து கொடுக்கவில்லை. அங்கேயே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கிறமாதிரி வைத்தார்.

"அம்மா, பாட்டில் உடைஞ்சிடுச்சா? கீழ கொட்டிடுச்சா?"

"ஐயோ, ஒரு சொட்டு கொட்டலீங்க மேடம்" என்றது அக்காவின் குரல், பெருமையாக. "எல்லாம் புள்ள வயித்துக்குள்ளதான் போச்சு."

அந்த மேடத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். குரல் மாறவில்லை.

"பாப்பா எப்படி இருக்கா? காய்ச்சல் இருக்கா? வாயில புண்ணு?"

"நேத்துலருந்து வாயில லேசா கொப்பளம். உடம்பு கொஞ்சம் சுடுது. மாரியாத்தான்னு நெனச்சிக்கினு..."

"இப்பவே கிளம்புங்க. இன்னிக்கு மருந்து குடுக்காதீங்க. பாப்பாவ கூட்டிட்டு நேரா இங்க வாங்க. யாரும் திட்டமாட்டோம். ஆனா உடனே வாங்க."

அவர்கள் வந்து சேர்ந்தபோது அக்கா பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். ரத்தம் எடுத்தார்கள். கிருமியை எதிர்த்து நிற்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் விழுந்துவிட்டன என்றார்கள். அந்த மருந்து அதிகமானால் அப்படித்தான் ஆகுமாம். தனி அறையில் படுக்கவைத்து அக்காவைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. அவளுக்கும் முகமூடி, கவுன். மருந்தை நிறுத்தினால் வைரஸ் எழலாம், கொடுத்தால் ரத்தம் இன்னும் விழலாம். இரண்டுக்கும் நடுவில் பிள்ளையும் அவள் அப்பாவின் சிறுநீரகமும்.

நான் லாரியை விட்டுவிட்டேன். ஓனர் திட்டினான், திட்டட்டும். மாற்றுத் துணியும் வெந்நீர் பிளாஸ்க்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என்னுடையது. அக்கா கதவுக்கு வெளியே வந்து வாங்குவாள். கேன்டீனில் வாங்கிய இட்லியை நீட்டினால் சாப்பிடமாட்டாள். ஒரு நாள் தன் வலது கையை என் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"இந்தக் கையாலதாண்டா. வெட்டிப் போடலாமான்னு இருக்குது."

"வெட்டிட்டா கடையில யாரு ஊத்தறது? வெங்காயம் உரிக்கற அண்ணன் ஊத்துனா ஒருத்தன் வரமாட்டான்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு இட்லியைச் சாப்பிட்டாள்.

அந்த மேடம் அன்று மத்தியானம் வார்டுக்கு வந்தார். என்னைவிட வயது குறைவாக இருக்கும். வெளியே இருந்த பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்து சுவரோரம் நின்றேன்.

"எங்க பக்கம்தான்மா தப்பு" என்றார். "எவ்வளவு குடுக்கணும்னு சொன்னோம். அதுக்கு மேல ஏன் கூடாதுன்னு சொல்லல. கூட எதுக்கு குடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. பாப்பாவுக்கு சீக்கிரம் சரியாகணும்னா?"

"இல்லீங்க." அக்கா தரையைப் பார்த்தாள். "ஒத்தையா ஊத்தக் கூடாதுங்க மேடம். அதான்."

நான் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் எங்க அத்தை ஒரு தோசையோட எழுந்துக்க விடமாட்டாங்க" என்றார். பிறகு விரல்விட்டுச் சொன்னார். இந்தப் பிள்ளையின் உயரம், எடை, உள்ளே வைத்திருக்கும் சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது, இந்த மூன்றையும் வைத்து இவளுக்கென்று போட்ட கணக்கு அந்தக் கோடு. பக்கத்துப் படுக்கைப் பிள்ளைக்கு வேறு கோடு. இவளுக்கே அடுத்த மாதம் வேறு கோடாக இருக்கலாம். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மருந்து உடம்பிலேயே தங்கும், அப்போது குறைக்கவேண்டும். குறைவாகக் கொடுத்தால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அது கேட்காது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, ஏதோ கடன் கேட்பவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அதையே பாதி பாதியா ரெண்டு தடவை இழுத்துக் குடுக்கலாங்களா?"

எனக்கு அந்தச் சர்க்கரைப் பெரியவர் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மேடமே, "வேணாம்மா. ரெண்டு தடவை அளந்தா ரெண்டு தடவை தப்பு வரும். ஒரே இழுப்பு" என்றார்.

அக்கா தலையாட்டினாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால், ஒப்புக்கொண்டது தலைதான், கை ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள்.

"பின்னாடியே தண்ணி குடுக்கலாங்களா மேடம்? காய்ச்சி ஆறவச்ச தண்ணி. அதே சிரிஞ்சியில?"

"அந்த சிரிஞ்சுல வேணாம். அது மருந்துக்கு மட்டும். தனியா டம்ளர்ல குடுங்க."

"எவ்ளோ?"

"எவ்வளவு வேணா குடுக்கலாம். இந்த சிறுநீரகத்துக்கு தண்ணி நல்லா போகணும்னு டாக்டரே சொல்லியிருப்பாரே."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லித்தான் இருந்தார்கள். ஆனால் அத்தனை வருஷம் மகளின் தண்ணீரை அளந்து பூட்டி வைத்தவளுக்கு அது காதோடு போயிருக்கிறது.

"எவ்ளோ வோணா?"

"எவ்வளவு வேணா."

அக்கா முகமூடியை இறக்கி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா மேடம்? இந்நேரம் ஒரு குடம் ஊத்தியிருப்பனே" என்றாள். இப்போது மேடம் சிரித்தார்.

வெள்ளை அணுக்கள் ஏற ஊசி போட்டார்கள். காய்ச்சல் முதலில் இறங்கியது. பிறகு அணுக்கள் மெல்ல ஏறின. வைரஸ் எழவில்லை. மருந்தை மறுபடி தொடங்கி, புதுச் சிரிஞ்சில் புதுக் கோடு போட்டு அனுப்பினார்கள். வண்டி செங்கல்பட்டைத் தாண்டும் வரைக்கும் அக்கா அந்தச் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு நான் பார்த்த அக்கா வேறு ஆள் என்று சொன்னால் பொய். கடையில் அதே இரண்டாவது கரண்டிதான். ஆனால் மருந்து நேரம் வந்தால் எல்லாம் நின்றுவிடும். இலைக்கு முன்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். கையுறை போட்டுக்கொள்வாள். பிள்ளை எதிரே உட்கார்ந்து இட்லியை மென்றுகொண்டே மேற்பார்வை செய்யும்.

"அம்மா, கோடு."

"தெரியுதுடி."

"மேல போவுது. இறக்கு."

"அட, வாத்தியாரம்மா."

"கைய எடு. நானே குடிக்கறேன்."

குடித்து முடித்ததும் சிரிஞ்சு கழுவப் போய்விடும். அப்புறம் தண்ணீர். எவர்சில்வர் டம்ளர் நிறைய. அது தீர்ந்ததும் இன்னொன்று. பிள்ளை அந்த இரண்டாவது டம்ளரை மடக் மடக் என்று குடிக்கும் சத்தத்தை, காத்திருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். குடித்து முடித்து அது ஏப்பம் விட்டால் கடையே சிரிக்கும்.

கோலியனூரிலிருந்து நாத்தனார் ஒரு நாள் வந்திருந்தாள். பையில் கேப்பை மாவு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, கூடவே ஒரு பாட்டிலில் ஏதோ கஷாயம். மருந்து கொடுப்பதைப் பார்த்துவிட்டு மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

"இன்னாடி இது, கோழிக்கு சொட்டு வுடற மாதிரி? பெத்த புள்ளைக்கு மருந்து ஊத்தறதுக்குக் கூடவா கஞ்சத்தனம்? இன்னும் ரவ ஊத்து, சத்து ஏறட்டும்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இது சாம்பார் இல்லடி" என்றாள் அக்கா. "எம் பொண்ணு ரத்தம். நீ ஊத்தச் சொன்னா ஊத்திட முடியாது. நான் நெனச்சாலும் ஊத்த முடியாது. அந்தக் கோடுதான் இங்க மாமியாரு."

"நான் நல்லதுக்குச் சொன்னா..."

"நானும் நல்லதுக்குத்தான் ஊத்துனேன். நல்லதுக்கு ஊத்தி, தனி ரூம்புல புள்ளையப் போட்டு, மூஞ்சிய மூடிக்கினு பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்தேன். அந்தக் கஷாயத்த எடுத்து உள்ள வையி. சோறு துன்றியா?"

நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அவள் இலையில் அன்றைக்கு நாலு கரண்டி விழுந்தது. எழுந்திருக்கவே முடியவில்லை.

எனக்கு மத்தியப் பிரதேசம் பக்கம் போர்வெல் வண்டியில் வேலை வந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் அது. அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தாள். வழக்கமான சோதனைதான், ஆனால் அவள் விழுப்புரத்தில் எடுத்த ரத்தச் சோதனை முடிவில் எண்கள் மாறியிருக்கிறதே என்று முந்தின நாள் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. கடையை நானும் அவள் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டோம். அவர் ஊற்றினார், ஒரு கரண்டி. எல்லாரும் இரண்டாவது கரண்டிக்காக இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது போன் வந்தது. பஸ் இரைச்சலுக்கு மேலே அக்கா கத்தினாள்.

"டேய்! கூட்டிட்டாங்கடா!"

என் கையிலிருந்த தட்டு நழுவியது. அவள் வீட்டுக்காரர் அப்படியே எழுந்து நின்றார்.

"இன்னாத்தக் கூட்டிட்டாங்கக்கா? இன்னா ஆச்சு?"

"மருந்துடா! மருந்தக் கூட்டிட்டாங்க! நான் பயந்தே பூட்டேன். நான் ஒண்ணும் தப்பு பண்ணலீங்க மேடம், கோட்டத் தாண்டலீங்கன்னு அழறேன். அந்த மேடம் சிரிக்குது. புள்ள வளந்துட்டாளாம்டா! ஒயரம் ஏறிட்டாளாம், எடை ஏறிட்டாளாம். இவங்க அப்பன் குடுத்தது குதிர மாதிரி ஓடுதாம். பழைய கோடு இப்ப பத்தாதாம். புதுசா மேல போட்டுக் குடுத்துக்கீறாங்க. இன்னும் கொஞ்ச நாளு குடுத்துட்டு, அப்பால நிறுத்திடலாம்னும் சொல்லிட்டாங்க!"

நான் போனை அவள் வீட்டுக்காரர் காதில் வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். இடது கை இடுப்புக்குப் பக்கத்தில், தையல் போட்ட இடத்துக்குப் போய் நின்றது. போன் அவர் காதில் இருந்தாலும் அக்காவின் குரல் சந்து முழுக்கக் கேட்டது.

"யம்மா, கொஞ்சம் மெதுவா பேசும்மா, டிரைவர் திரும்பித் திரும்பிப் பாக்கறாரு" என்று யாரோ ஓர் ஆண் குரல், கண்டக்டராக இருக்கவேண்டும். அதற்குப் பின்னால் பிள்ளையின் குரல், வெட்கமும் சிரிப்புமாக.

"அம்மா, எல்லாரும் நம்மளையே பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும்டி" என்றாள் அக்கா. "எழுந்து நில்லு. நல்லா பாக்கட்டும்."